பூனையை அகற்றினால் புல்லுக்கு என்ன நடக்கும்?

உயர்வகுப்பு உயிரியல் மாணவருக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் சூழலியலின் சில அடிப்படைகள்



எமது வானொலியின் ஞாயிறு மாலை நிகழ்ச்சியில் நான் வாசித்த பேச்சை எழுத்திலும் தரும்படி சில பெற்றோர் கேட்டிருந்தார்கள். ஒலிபரப்பில் நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. ஊரில் சாதாரண தரப் பரீட்சையோடு விஞ்ஞானப் புத்தகத்தை மூடிவிட்டு வணிகத்துக்குப் போனவன். இன்றுவரை பிழைப்பு கணக்கு எழுதுவதுதான். அப்படிப்பட்டவன் உயிரியல் பேச வந்ததற்குக் காரணம் என் மகள். அவள் சிட்னியில் பதினோராம் வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். பரீட்சைக்கு முதல்நாள் இரவு சூழலியல் பாடத்தில் உதவி கேட்டு வந்தாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். தடித்த எழுத்தில் நிறைய வரைவிலக்கணங்கள் இருந்தன. "இதென்ன பெரிய வேலை, எல்லாத்தையும் பாடமாக்கு பிள்ளை" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

பிள்ளை பாடமாக்கினாள். பரீட்சையில் ஒரு வரைவிலக்கணமும் வரவில்லை. ஒரு தீவைப் பற்றிய அட்டவணையும் வரைபும் கொடுத்து, "இத் தீவிலிருந்து பூனைகள் அகற்றப்பட்டால் தாவரங்களுக்கு என்ன நடக்கும்? காரணம் தருக" என்று கேட்டிருந்தார்கள். அவள் பெற்றது பாதிப் புள்ளி. "அப்பா, இது பாடமாக்கிற பாடம் இல்லை, யோசிக்கிற பாடம்" என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த மூன்று வார இறுதிகளில் அவளுடைய புத்தகத்தை நானே இருந்து படித்தேன். படிக்கப் படிக்க, இது எனக்குப் பழக்கமான வேலைதான் என்று தெரிந்தது. வரவு எங்கே, செலவு எங்கே, மிச்சம் எவ்வளவு, ஒரு கணக்கில் கை வைத்தால் வேறு எந்தக் கணக்கு அசையும் என்று பார்ப்பதுதான் சூழலியலும்.

ஒரு தீவைத் தெரிந்துகொள்வோம்

பரீட்சையில் வந்த தீவு கற்பனைத் தீவு அல்ல. அது மக்குவாரித் தீவு. சிட்னியில் இருக்கிற எங்களுக்கு மக்குவாரி என்ற பெயர் தெருவிலும் பல்கலைக்கழகத்திலும் பழக்கம். நியூ சவுத் வேல்ஸின் ஆளுநராக இருந்த லக்லன் மக்குவாரியின் பெயரைத்தான் இந்தத் தீவுக்கும் வைத்தார்கள். இது தஸ்மானியாவிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர் தூரத்தில், அந்தாட்டிக்காவுக்குப் போகும் வழியில் இருக்கிறது. நீளம் 34 கிலோமீற்றர், அகலம் ஏறத்தாழ 5 கிலோமீற்றர். மரம் ஒன்றும் கிடையாது. உயரமான புல்லும், பெரிய இலையுள்ள ஒருவகைக் கோவாச் செடியும், பாசிகளும்தான் தாவரங்கள். பென்குயின்களும் கடற்பறவைகளும் யானைக் கடல்நாய்களும் அங்கே கூட்டம் கூட்டமாக வந்து இனம்பெருக்குகின்றன. 1997இல் இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

சூழலியல் படிக்கிறவருக்கு இப்படியான தீவு நல்ல பாடசாலை. உயிரின வகைகள் குறைவு. சுற்றிவரக் கடல். யார் எப்போது வந்தார், வந்தபின் என்ன மாறியது என்று தேதியோடு எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு சிறிய கடையின் கணக்கைப் பார்த்துப் பழகிவிட்டால் பெரிய கம்பனியின் கணக்கும் பிடிபடும் அல்லவா, அதுபோலத்தான்.

சொற்களை ஒழுங்குபடுத்துவோம்

1866இல் ஜேர்மனிய விஞ்ஞானி ஏர்னஸ்ட் ஹெக்கல் சூழலியலுக்கு எக்கொலொஜி என்ற பெயரைக் கொடுத்தார். வீடு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அது வந்தது. பொருளியலுக்கு வழங்கும் எக்கொனொமி என்ற சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததுதான். ஒன்று வீட்டை அறிவது, மற்றது வீட்டை நிருவகிப்பது. இதை அறிந்தபோது வணிகம் படித்த எனக்கு ஒரு சிறு பெருமை.

இனி அடுக்குகளைப் பார்ப்போம். ஒரு முயல் ஒரு தனியன். தீவிலுள்ள முயல்கள் எல்லாம் சேர்ந்தால் அது முயல்களின் குடித்தொகை. பிள்ளைகள் இதைப் பொப்புலேசன் என்று படிக்கிறார்கள். முயல், பூனை, பறவை, புல் என்று அங்கே வாழும் எல்லாக் குடித்தொகைகளும் சேர்ந்தால் அது சாகியம். அந்தச் சாகியத்தோடு மண், மழை, காற்று, குளிர், சூரிய ஒளி என்ற உயிரற்ற கூறுகளையும் சேர்த்தால் சூழற்றொகுதி, அதாவது எக்கோசிஸ்ரம். இந்தச் சொல்லை 1935இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஆதர் தான்ஸ்லி அறிமுகப்படுத்தினார். உயிருள்ளதையும் உயிரற்றதையும் பிரித்துப் பார்க்கக்கூடாது, இரண்டும் சேர்ந்தே ஒரு தொகுதியாக இயங்குகின்றன என்பதுதான் அவர் சொல்ல வந்தது. மாணவர்கள் அதிகம் புள்ளி இழக்கும் இடங்களில் இது ஒன்று. சாகியத்தை விபரிக்கச் சொன்னால் மழையை எழுதக்கூடாது. சூழற்றொகுதியை விபரிக்கச் சொன்னால் மழையை விடக்கூடாது.

உழைப்பவர், உண்பவர், துப்புரவு செய்பவர்

சூரிய ஒளியைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்குவது பச்சைத் தாவரம். காபனீரொட்சைட்டையும் நீரையும் சேர்த்து வெல்லம் செய்கிறது, இது ஒளித்தொகுப்பு. ஆகவே தாவரம் உற்பத்தியாக்கி. அதைத் தின்னும் முயல் முதல்நிலை நுகரி. முயலைத் தின்னும் பூனை இரண்டாம்நிலை நுகரி. புல், முயல், பூனை என்று அம்புக்குறி போட்டு எழுதினால் உணவுச் சங்கிலி. அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். யார் யாரைத் தின்கிறார் என்று அது காட்டுவதில்லை. சக்தி எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுகிறது. ஆகவே அது புல்லில் தொடங்கி முயலைப் பார்க்க வேண்டும். என் மகள் இதிலும் ஒரு புள்ளியை விட்டிருந்தாள்.

ஆனால் நிஜத்தில் சங்கிலி என்று தனியாக ஒன்று இல்லை. பூனை முயலை மட்டும் தின்பதில்லை. நிலத்தில் வளை தோண்டிக் கூடுகட்டும் கடற்பறவைகளையும் பிடிக்கிறது. முயலைப் பூனை மட்டும் தின்பதில்லை. ஸ்கூவா என்னும் பெரிய கடற்பறவையும் பிடிக்கிறது. சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதுதான் உணவு வலை. பேச்சின் மிச்சப் பகுதி முழுவதும் இந்த வலையில்தான் தொங்குகிறது.

கடைசியாக, செத்ததையும் கழிவையும் உக்கச் செய்யும் பக்ரீரியாக்களும் பங்கசுக்களும். இவை பிரிகையாக்கிகள். பிள்ளைகள் உணவு வலை கீறும்போது இவர்களை மறந்துவிடுவார்கள். இவர்கள் இல்லாவிட்டால் போசணைப் பொருட்கள் செத்த உடல்களுக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும், மண் வெறுமையாகிவிடும்.

சக்தி செலவாகிறது, சடப்பொருள் சுற்றுகிறது

இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தத் தலைப்பை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு புல்வெளி தன் உடலில் 10,000 யூல் சக்தியைச் சேர்த்து வைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முயல்கள் அதை மேய்கின்றன. எல்லாப் புல்லையும் அவை தின்பதில்லை. தின்றதிலும் ஒரு பகுதி சமிபாடடையாமல் எருவாகப் போகிறது. சமிபாடடைந்ததில் பெரும்பகுதி ஓடவும் மூச்சுவிடவும் குளிரில் உடம்பைச் சூடாக வைத்திருக்கவும் செலவாகி, வெப்பமாக வெளியேறிவிடுகிறது. முயலின் உடம்பில் தசையாகச் சேர்வது 1,000 யூல் அளவில்தான். பூனை முயலைத் தின்றால் அதே கதை. பூனையின் உடம்பில் சேர்வது 100 யூல் அளவு. ஒவ்வொரு போசணை மட்டத்திலும் ஏறத்தாழப் பத்தில் ஒன்றுதான் மேலே போகிறது. இது ஒரு பொது மதிப்பீடு. சில இடங்களில் கூடும், சில இடங்களில் குறையும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு சிறு ஏரியை ஆராய்ந்து சக்தி இப்படி மட்டம் மட்டமாகப் போகிறது என்று காட்டியவர் ரேமண்ட் லிண்டமன். அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1942இல் அச்சில் வந்தது. அதைப் பார்க்க அவர் உயிரோடு இருக்கவில்லை. இருபதுகளிலேயே நோயால் இறந்துவிட்டார்.

எங்கள் வீட்டுச் சம்பளத்தை நினைத்துப் பாருங்கள். வரி, வீட்டுக்கடன், பெற்றோல், மின்சாரம், சாப்பாடு எல்லாம் போக மாதக் கடைசியில் வங்கியில் நிற்பது எவ்வளவு? அந்த மிச்சத்தில்தான் மேலேயுள்ளவர் வாழ வேண்டும் என்றால் மேலே எத்தனை பேர் வாழ முடியும்? புல் நிறைய, முயல் குறைவு, பூனை அதனிலும் குறைவு என்று இருப்பதற்கும், உணவுச் சங்கிலிகள் நாலைந்து கண்ணிகளுக்கு மேல் நீளாததற்கும் காரணம் இதுதான்.

சக்தி ஒருமுறை வெப்பமாகப் போய்விட்டால் போனதுதான். எரிந்த பெற்றோல் மாதிரி. அதனால் சூரியன் தினமும் புதிதாகத் தர வேண்டியிருக்கிறது. ஆனால் நைதரசன், பொசுபரசு, காபன் போன்றவை அப்படி அல்ல. அவை கைமாறும் காசுத்தாள் மாதிரி. புல்லிலிருந்து முயலுக்கு, முயலின் எருவிலிருந்து மண்ணுக்கு, மண்ணிலிருந்து மறுபடி புல்லுக்கு. "சக்தி மீள்சுழற்சி அடைகிறது" என்று விடைத்தாளில் எழுதினால் அது பிழை. சக்தி ஒருவழிப் பாதையில் பாய்கிறது. போசணைப் பொருட்கள்தான் சுற்றுகின்றன.

மக்குவாரித் தீவில் இந்தச் சுற்றுக்குக் கடலும் ஒரு பங்காளி. பென்குயின்களும் மற்றக் கடற்பறவைகளும் கடலில் மீனும் கூனியும் தின்றுவிட்டுக் கரையில் வந்து எச்சமிடுகின்றன. கடலின் நைதரசன் இப்படித்தான் தரைக்கு இறக்குமதியாகிறது. பறவை குறைந்தால் இந்த இறக்குமதியும் குறையும்.

நான் மகளுக்கு இதை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த என் அம்மா, "இதைத்தானே தம்பி நாங்கள் குழை தாட்டுச் செய்தனாங்கள்" என்றார். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் பூவரசங் குழையை வெட்டி வந்து மண்ணுக்குள் தாழ்ப்பது எங்கள் வயதுக்காரர் எல்லோரும் கண்டதுதான். மண்ணிலுள்ள பிரிகையாக்கிகள் அந்தக் குழையை உக்கச் செய்யும். இலையிலிருந்த நைதரசன் மண்ணுக்கு வரும். அடுத்த போகத்தில் அது வெங்காயத்திலும் மிளகாயிலும் ஏறும். மகளுக்கு நைதரசன் சக்கரத்தை அன்று விளக்கி முடித்தது நான் அல்ல, அவளுடைய அப்பம்மா.

குடித்தொகை ஏறுவதும் இறங்குவதும்

ஒரு குடித்தொகையை மாற்றும் காரணிகள் நான்கு: பிறப்பு, இறப்பு, குடிவரவு, குடியகல்வு. கடைசி இரண்டு சொற்களும் எங்கள் வீடுகளில் யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லாதவை. பிறப்பும் குடிவரவும் வரவு. இறப்பும் குடியகல்வும் செலவு.

உணவும் இடமும் தாராளமாக இருந்து, எதிரியும் நோயும் இல்லாவிட்டால் குடித்தொகை வட்டிக்கு வட்டி போல ஏறும். ஆனால் ஒரு நிலத்தால் தாங்கக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. அது தாங்கும் திறன். அந்த எல்லையைத் தாண்டித் தின்றால், வட்டியில் வாழாமல் முதலைத் தின்பது போலாகும். புல்லின் வளர்ச்சியைத் தின்பது வட்டியைத் தின்பது. வேரோடு தின்பது முதலைத் தின்பது. அப்படி நடந்தால் அடுத்த ஆண்டில் தாங்கும் திறனே குறைந்துவிடும்.

மக்குவாரித் தீவின் முதற் பாடம் இங்கேதான் வருகிறது. தீவுக்குப் பூனைகள் வந்தது 1820 அளவில், கடல்நாய் வேட்டைக்காரரின் கப்பல்களில். அந்தத் தீவுக்கே உரிய பச்சைக்கிளி ஒன்று அங்கே இருந்தது. பூனைகள் வந்தபின்னும் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அந்தக் கிளிகள் ஏராளமாகவே இருந்தன. பிறகு 1878 அளவில், தங்களுக்கு இறைச்சிக்கு ஆகும் என்று வேட்டைக்காரர்கள் முயல்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1891 அளவில் கிளி அடியோடு அழிந்துபோயிற்று.

முயல் கிளியைத் தின்பதில்லை. அப்படியென்றால் எப்படி? விளக்கம் இது. அதுவரை மாரிகாலத்தில் கடற்பறவைகள் கடலுக்குப் போய்விட, பூனைகளுக்கு உணவு அருகிவிடும்; பல பட்டினியால் சாகும். முயல் வந்தபின் ஆண்டு முழுவதும் சாப்பாடு. பூனைகள் பெருகின. நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்திருந்த வெக்கா என்ற கொன்றுண்ணிப் பறவையும் பெருகியது. இரண்டும் சேர்ந்து, நிலத்தில் கூடுகட்டிய கிளிகளை முடித்துவிட்டன. நேரடித் தொடர்பே இல்லாத இரண்டு உயிரினங்களில் ஒன்று மற்றதன் அழிவுக்குக் காரணமாகலாம். உணவுச் சங்கிலியை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியாது. வலையைப் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

தீவின் கணக்கைத் திருத்தப் போனவர்கள்

இனிப் பரீட்சைக் கேள்விக்கு வருவோம். 1970களின் கடைசியில் தீவில் முயல்கள் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டன. புல்லும் கோவாச் செடியும் மொட்டையடிக்கப்பட்டு மலைச்சரிவுகளில் மண் அரித்தது. 1978இல் முயல்களுக்கு மட்டும் நோய் தரும் மிக்சோமா வைரஸை விட்டார்கள். சில ஆண்டுகளில் முயல்கள் 20,000க்கும் கீழே இறங்கின. தாவரங்கள் மீண்டன. எல்லோருக்கும் சந்தோசம்.

ஆனால் பூனைகள் இன்னும் அங்கேதான் இருந்தன. முயல் குறையவே அவை கடற்பறவைகள் பக்கம் திரும்பின. பூனைகள் ஆண்டுக்கு 60,000 கடற்பறவைகள்வரை கொல்வதாக மதிப்பிட்டார்கள். ஆகவே 1985இலிருந்து பூனைகளைப் பிடித்து அகற்றத் தொடங்கி, 2000ஆம் ஆண்டில் கடைசிப் பூனையையும் அகற்றினார்கள். பறவைகளுக்கு நல்ல காலம் பிறந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே கூடு கட்டாதிருந்த சாம்பல் நிறப் பெற்றல் பறவைகள் திரும்பவும் வந்து குஞ்சு பொரித்தன.

அதே நேரத்தில் முயல்கள் மறுபடியும் பெருகின. 2006 அளவில் ஒரு இலட்சத்துக்கு மேல். தாவரங்கள் மறுபடி மொட்டை. வேர் இல்லாத மலைச்சரிவு மழைக்குத் தாங்குமா? 2006இல் லூசித்தானியா குடாவில் மண் சரிந்து, அரச பென்குயின்கள் குடியிருந்த இடத்தில் விழுந்தது. பல பென்குயின்கள் மாண்டன. பறவைகளைக் காக்க எடுத்த நடவடிக்கை சுற்றிவந்து பறவைகள் மேலேயே விழுந்ததோ என்று பலர் கேட்டார்கள்.

இங்கே நியாயமாகவும் பேச வேண்டும். 2009இல் விஞ்ஞானிகளுக்குள்ளேயே இதைப் பற்றி விவாதம் நடந்தது. பூனைகளை அகற்றியதே முயல்கள் பெருகப் பெரிய காரணம் என்றது ஒரு குழு. வைரஸின் வேகம் குறைந்து போனது போன்ற வேறு காரணங்களும் உண்டு, பழி முழுவதையும் பூனையின் கணக்கில் எழுதக்கூடாது என்றது இன்னொரு குழு. மாணவர்களே, பரீட்சையில் "மதிப்பிடுக" என்று கேட்டால் இந்த இரண்டு பக்கத்தையும் எழுத வேண்டும். கணக்காய்வில் ஒரு நட்டத்துக்கு ஒரே ஒரு காரணத்தைக் காட்டினால் நாங்களும் சும்மா விடமாட்டோம்.

பிறகு, ஒவ்வொன்றாக அகற்றாமல் முயல், எலி, சுண்டெலி மூன்றையும் ஒரே முறையில் அகற்றுவது என்று முடிவெடுத்தார்கள். ஏறத்தாழ 25 மில்லியன் டொலர் திட்டம். 2010இல் தொடங்கியதைக் காலநிலை தடுத்தது. 2011இல் உலங்குவானூர்திகளிலிருந்து நச்சுணவு போட்டார்கள். பின்பு பழக்கிய நாய்களோடு தீவு முழுவதும் நடந்து எஞ்சியிருந்த 13 முயல்களையும் தேடிப் பிடித்தார்கள். 2014இல் தீவு இவற்றிலிருந்து விடுபட்டதாக அறிவித்தார்கள். புல் மீண்டும் இடுப்பளவுக்கு வளர்கிறது.

இதற்கும் ஒரு செலவுப் பக்கம் இருந்தது. நஞ்சு தின்று செத்த முயல்களை ஸ்கூவாக்களும் இராட்சதப் பெற்றல்களும் தின்றன. 2,000க்கு மேற்பட்ட பறவைகள் இறந்தன. நஞ்சும் உணவு வலையின் வழியேதான் போகிறது. அதன்பின் முயலை நம்பி வாழ்ந்த ஸ்கூவாக்களுக்கு உணவு குறைந்து, அவற்றின் எண்ணிக்கையும் இறங்கியது. திட்டம் பிழை என்று நான் சொல்லவில்லை. மொத்தத்தில் தீவு பிழைத்தது. ஆனால் இயற்கையின் பேரேட்டில் ஒற்றைப் பதிவு கிடையாது. எல்லாம் இரட்டைப் பதிவு. சில வேளை பத்துப் பதிவு.

"ஆக்கிரமிப்பு இனம்" என்ற சொல்

இந்தப் பகுதியை ஒலிபரப்பில் நான் முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீடுகளில் பேசப்பட வேண்டியது.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் மகள் சொன்னாள்: "அப்பா, வகுப்பிலை இன்வேசிவ் ஸ்பீசீஸ் எண்டு படிக்கேக்கை எனக்கு ஒரு மாதிரிக் கிடக்கு. வேறை இடத்திலையிருந்து வந்தது, உள்ளூர் எல்லாத்தையும் கெடுத்தது, அதை அகற்ற வேணும் எண்டு வாசிக்கிறம். பின்வாங்கிலை ஆரோ சிரிச்சவை. எங்களைப் பாத்துத்தானோ தெரியேல்லை."

அம்மா கையைத் தட்டிலேயே வைத்தபடி என்னைப் பார்த்தார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

இதைத் தமிழில் சொன்னால் சிக்கல் இன்னும் கூடுகிறது. உயிரியலில் ஸ்பீசீஸ் என்பதற்கும் நாங்கள் இனம் என்றுதான் சொல்கிறோம். தமிழினம் என்பதற்கும் அதே சொல்தான். ஆக்கிரமிப்பு என்ற சொல்லோ, ஊரில் வீட்டையும் காணியையும் இழந்து வந்த எங்களுக்கு வேறு எதையெதையோ நினைவூட்டுவது. "அந்நிய ஆக்கிரமிப்பு இனம்" என்று பாடப்புத்தகத்தில் கண்டால் மனம் துணுக்குறுவது இயல்பு. ஆகவே உயிரியல் இந்தச் சொல்லை என்ன பொருளில் வைத்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நான் மகளுக்குச் சொன்னது இவ்வளவுதான்.

முதலாவது, உயிரியலில் இனம் என்பது தங்களுக்குள் கூடி, இனம்பெருக்கும் ஆற்றலுள்ள சந்ததியைத் தரக்கூடிய உயிர்களின் கூட்டம். அந்தக் கணக்கில் உலகத்து மனிதர் அத்தனை பேரும் ஒரே இனம். யாழ்ப்பாணத்தாரும் சிட்னியாரும் அந்தப் பின்வாங்கில் இருந்த பிள்ளையும் அதற்குள்தான். ஒரே இனத்தின் ஆட்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதற்கு உயிரியல் வைத்திருக்கும் சொல் குடிவரவு, குடியகல்வு. ஆக்கிரமிப்பு இனம் என்ற சொல் அங்கே பொருந்தவே பொருந்தாது.

இரண்டாவது, வெளியிலிருந்து வந்த இனம் எல்லாம் ஆக்கிரமிப்பு இனம் அல்ல. அவுஸ்திரேலியாவில் விளையும் கோதுமையும் ஆப்பிளும் வெளியிலிருந்து வந்தவைதான். எங்கே பிறந்தது என்பதை வைத்து அந்தப் பெயரைக் கொடுப்பதில்லை. சூழற்றொகுதிக்கு என்ன சேதம் செய்கிறது என்பதை வைத்துத்தான் கொடுக்கிறார்கள். சேதத்துக்குக் காரணமும் அந்த விலங்கின் கெட்ட குணம் அல்ல. தன் நாட்டில் அதைக் கட்டுப்படுத்திய எதிரியும் நோயும் புதிய இடத்தில் இல்லை என்பதுதான். முயலில் குற்றம் கிடையாது. அதைக் கப்பலில் ஏற்றி வந்தவர் வலையைப் பார்க்காமல் செய்த வேலை அது.

மூன்றாவது, விஞ்ஞானச் சொல்லை எடுத்து மனிதரை இழிவுபடுத்தப் பாவிப்பவர் விஞ்ஞானம் பேசவில்லை. அப்படி யாராவது சிரித்தால், "நாங்கள் எல்லாரும் ஒரே ஸ்பீசீஸ், உனக்குப் பாடம் விளங்கேல்லை" என்று சொல் என்றேன். மகள் சிரித்தாள். அம்மா மறுபடி சாப்பிடத் தொடங்கினார்.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

"ஓர் உயிரினத்தைச் சேர்த்தால் அல்லது அகற்றினால் என்ன நடக்கும்" என்ற கேள்வி வந்தால், எழுதத் தொடங்குமுன் உணவு வலையை ஒரு மூலையில் கீறுங்கள். பிறகு வரிசையாக நான்கு கேள்வி கேளுங்கள். அதை யார் தின்கிறார்? அது எதைத் தின்கிறது? அதனோடு ஒரே உணவுக்கு அல்லது இடத்துக்கு யார் போட்டியிடுகிறார்? மண், நீர் போன்ற உயிரற்ற கூறுகளில் என்ன மாறும்? ஒவ்வொரு விடையையும் "ஆகவே" என்ற சொல்லால் அடுத்ததோடு இணையுங்கள். பூனை அகற்றப்பட்டது, ஆகவே முயல்களின் இறப்பு குறைந்தது, ஆகவே குடித்தொகை ஏறியது, ஆகவே மேய்ச்சல் கூடித் தாவரம் குறைந்தது, ஆகவே வேர்ப்பிடி இல்லாமல் மண் அரித்தது. புள்ளி இருப்பது இந்த ஆகவேகளில்தான். கூடவே, வைரஸ் போன்ற வேறு காரணிகளும் பங்களித்திருக்கலாம் என்று ஒரு வரி சேருங்கள்.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கிறார்கள், எங்களுக்கு என்ன தெரியும் என்று ஒதுங்கிவிடாதீர்கள். நான் ஒதுங்கியதில் பிள்ளைக்குத்தான் நட்டம். "இண்டைக்கு என்ன படிச்சனீ, எனக்கு ஒருக்கால் சொல்லு பாப்பம்" என்று கேட்டாலே போதும். உங்களுக்கு விளங்கும்படி சொல்ல முயன்றால் அவர்களுக்கே விளங்கிவிடும். வீட்டில் அப்பம்மாவோ அம்மம்மாவோ இருந்தால் அவர்களையும் பக்கத்தில் இருத்துங்கள். குழை தாழ்த்தவர்கள், ஆடு மாடு வளர்த்தவர்கள், எந்த மாதத்தில் எந்த மீன் கரைக்கு வரும் என்று அறிந்தவர்கள் அவர்கள்.

போன கிழமை மகளுக்கு மீண்டும் ஒரு பரீட்சை. இம்முறை கேள்வி ஒரு குளத்தைப் பற்றியதாம். புள்ளி இன்னும் வரவில்லை. "விடைத்தாளின்ரை மூலையிலை வலையைக் கீறிப்போட்டுத்தான் அப்பா தொடங்கினனான்" என்றாள். புள்ளி வந்தபின் அடுத்த மாத இதழில் அறியத் தருகிறேன்.

அதுவரை உங்களிடமிருந்து விடைபெறுகிறேன். வணக்கம்.